கோலப்புள்ளியும் பலாப்பழமும்

குழு: மஞ்சக்குப்பம் வீடு

சனிக்கிழமை

நான் (காலை 8:14): [காணொளி, 42 விநாடி]
பெரியம்மா வீட்டு வாசலில் போன மாதம் எடுத்த காமெடி இதுதான். ஆட்டோ அளவு பலாப்பழம் வானத்திலிருந்து விழுகிறது. பழம் முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்தது. இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தேன். பார்த்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

பெரியம்மா (8:21): பார்த்தேன் கண்ணு. பழத்தின் முள் எல்லாம் அப்படியே இருக்கிறது. நான்தான் எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசுகிறேன்.

லாஸ்பேட்டை சித்தப்பா (8:30): நல்ல முயற்சி. ஆனால் பழம் விழவில்லை கார்த்தி, பலூன் மாதிரி இறங்குகிறது. தரையைத் தொட்டதா என்றும் தெரியவில்லை.

அனு (8:33): "யாருடா என் கோலத்தைக் கெடுத்தது" என்று பெரியம்மா கேட்கும் இடத்தில் மட்டும் சிரித்தேன் அண்ணா. மற்ற இடங்களில் சிரிப்பு வரவில்லை.

பண்ருட்டி மாமா (8:40): எங்கள் ஊர்ப் பழத்துக்கு இவ்வளவு பச்சை ஆகாது. பழுத்தது என்றால் மஞ்சளும் பழுப்பும் ஏறியிருக்கும். நாளைக்கு வரும்போது ஒன்று கொண்டுவருகிறேன், வைத்துப் பார்.

லாஸ்பேட்டை சித்தப்பா (8:44): அந்த மென்பொருள் திருட்டுப் பிரதியா? வைரஸ் வந்துவிடப் போகிறது.

நான் (8:47): இல்லை சித்தப்பா. பிளெண்டர் என்று பெயர், இலவசமாகவே தருகிறார்கள். 2002இல் அதை வைத்திருந்த கம்பெனி மூடியதும், பயன்படுத்தியவர்களே 7 வாரத்தில் 1 லட்சம் யூரோ சேர்த்து மூலநிரலை (அதை எழுதிய புரோகிராமை) வாங்கிப் பொதுவாக்கிவிட்டார்கள். 2025இல் அனிமேஷனுக்கு ஆஸ்கர் வாங்கிய லாத்வியா படமும் இதில்தான் செய்தது.
ஆனந்தி அக்கா, நீ பார்த்துச் சொல்.

ஆனந்தி அக்கா (11:05): நாலு முறை பார்த்தேன் கார்த்தி. மனதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன், பெரிய மெசேஜாக இருக்கும்.

அனு சொன்ன இடத்தில்தான் எனக்கும் சிரிப்பு வந்தது. வாசலில் இவ்வளவு பெரிய பழம் விழுந்து கிடக்கிறது, அம்மாவுக்குக் கோலம் போனதுதான் வருத்தம். உன் கதையே அதுதான். அந்தப் பழம் நிஜமாக அங்கே கிடக்கிறது என்று பார்ப்பவர் நம்பினால்தான் அம்மாவின் வருத்தம் சிரிப்பாகும். நான் ஆறு வருடம் காம்போசிட்டிங், அதாவது நிஜக் காட்சியோடு கம்ப்யூட்டர் படத்தை ஒட்டும் வேலை பார்த்தவள். தோலில் முள்ளை எண்ணி எண்ணி வைத்த நேரத்தில் பாதியை நிழலுக்குக் கொடுத்திருக்கலாம். திண்ணைத் தூணின் நிழல் இடப்பக்கம் விழுகிறது, பழத்தின் நிழல் வலப்பக்கம். கண் அதை உடனே பிடித்துவிடும், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும். பழம் தரையைத் தொடுகிற இடத்தில் கருப்பாக, இறுக்கமாக ஒரு கோடு வேண்டும். அது இல்லாததால்தான் சித்தப்பாவுக்கு மிதப்பதாகத் தெரிந்தது.

ஆனந்தி அக்கா (11:12): அப்புறம் வேகம். நீ 3 விநாடி, ஒரே வேகத்தில் இறக்கியிருக்கிறாய். மொட்டை மாடி உயரம் 7 மீட்டர் என்று வை. அங்கிருந்து கைவிட்டாலே 1.2 விநாடியில் தரைக்கு வந்துவிடும். 100 மீட்டரிலிருந்து வந்தால் வாசலுக்கு வரும்போது விநாடிக்கு 44 மீட்டர் வேகம் இருக்கும். உன் மொபைல் விநாடிக்கு 30 ஃப்ரேம், அதாவது 30 தனிப் படம் எடுக்கிறது. அந்த 7 மீட்டரைக் கடக்க 5 ஃப்ரேம்தான் ஆகும்.

நான் (11:15): 5 ஃப்ரேமில் பழம் கண்ணிலேயே படாதே அக்கா. அவ்வளவு வேலை செய்திருக்கிறேன்.

ஆனந்தி அக்கா (11:19): படவே வேண்டாம். அம்மா கடைசிப் புள்ளி வைக்கிறாள், ஒரு கோடு மாதிரி ஏதோ வருகிறது, தொம்! பழம் கிடக்கிறது. அதன் பிறகு 2 விநாடி யாரும் பேசக் கூடாது. அம்மா பழத்தைப் பார்க்கிறாள், கோலத்தைப் பார்க்கிறாள், அப்புறம்தான் வசனம். நீ இப்போது பழம் விழுந்த அதே நொடியில் பேச வைத்துவிட்டாய். சிரிக்க இடம் கொடு.

பெரியம்மா (11:26): எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இவன்தான் சீக்கிரம் சீக்கிரம் என்றான்.

லாஸ்பேட்டை சித்தப்பா (11:40): திரும்ப எடுப்பதானால் சொல்லுங்கள். சினிமாவில் பின்னால் கட்டுவார்களே, அந்தப் பச்சைத் துணி நேரு வீதியில் 5 மீட்டர் வாங்கி வருகிறேன்.

ஆனந்தி அக்கா (11:44): இந்தக் காட்சிக்குத் துணி வேண்டாம் சித்தப்பா. வாசல் நிஜம், அம்மா நிஜம், பழம் மட்டும்தான் சேர்ப்பது. பச்சையை அழித்தால் அம்மாவின் பச்சைப் புடவையும் துளசிச் செடியும் சேர்ந்து போய்விடும்.

நான் (11:50): சரி, நாளைக்கே எடுக்கலாம். கையில் பிடித்துக்கொண்டு சுற்றிவந்த ஷாட்டில் பழம் வழுக்குகிறது அக்கா. கேமரா எப்படி அசைந்தது என்று மென்பொருள் கண்டுபிடிக்கும் ட்ராக்கிங் நிற்கவே இல்லை.

ஆனந்தி அக்கா (11:58): சாணம் தெளித்த வெறும் தரையில் அது எதைப் பிடிக்கும்? குறைந்தது 8 புள்ளியாவது தொடர்ந்து தெரிய வேண்டும். சினிமாவில் ஸ்டிக்கர் ஒட்டி, பிறகு ஒவ்வொன்றாக அழிப்பார்கள். நமக்கு அந்த வேலையே இல்லை. அம்மா, நாளைக்குப் புள்ளிக் கோலம் போடு. கோடு இழுக்காமல் ஓரத்துப் புள்ளிகளை அப்படியே விட்டுவிடு. வெள்ளைப் புள்ளி, இருண்ட தரை, சரியான இடைவெளி. பழத்தின் அளவையும் அதை வைத்தே கணக்குப் பண்ணலாம்.
ஆனால் எல்லாப் புள்ளியும் தரையிலேயே இருந்தால் கேமரா கணக்கு தப்பிவிடும். துளசி மாடம், தூண், கேட்டுக் கம்பி எல்லாம் படத்தில் இருக்கட்டும்.

பெரியம்மா (12:03): 15 புள்ளி, 8இல் முடிகிற இடைப்புள்ளி போடட்டுமா?

ஆனந்தி அக்கா (12:04): அதுவே போதும் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 9:52): எடுத்து முடித்தோம். முதல் ஷாட் மொபைலை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து எடுத்தேன். வெளிச்சமும் ஃபோகஸும் மாறாமல் பூட்டிவிட்டேன். முழுக் கோலத்தோடு ஒரு முறை, மொபைலைத் தொடாமல் கோலத்தைக் கலைத்துவிட்டு இன்னொரு முறை. பழம் விழும் ஃப்ரேமில் இரண்டையும் ஒட்டுவேன்.

பண்ருட்டி மாமா (9:58): நான் ஒட்டடைக் கம்பு பிடித்தேன். ஐந்தரை அடியில் சிவப்புத் துணி கட்டி, அதுதான் பழம் என்று பெரியம்மா அதைப் பார்த்தே பேசினார்கள். பழம் விழும்போது வரும் காற்றுக்காக அட்டையால் விசிறியது அனு. முந்தானை நன்றாகப் பறந்தது.

ஆனந்தி அக்கா (10:06): அருமை மாமா! அம்மா பழத்துக்குப் பின்னால் மட்டும்தானே நடந்தாள்? முன்னால் வந்தால் ஃப்ரேம் ஃப்ரேமாக அவளை வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

நான் (10:08): பின்னால் மட்டும்தான். பழம் விழும் இடத்தில் எவர்சில்வர் சொம்பு வைத்தும் ஒரு படம் எடுத்தேன், நீ போனில் சொன்ன மாதிரி. வானம், சுவர், வெயில் எல்லாம் அதில் தெரிகிறது, பழத்துக்கு வெளிச்சம் வைக்க அதைப் பார்த்துக்கொள்ளலாம். மாமா கொண்டுவந்த பழத்தையும் அதே இடத்தில் வைத்து எடுத்தேன். அடியில் நிழல் எவ்வளவு கருப்பு என்று இப்போதுதான் பார்க்கிறேன்.

பெரியம்மா (10:15): சத்தத்துக்காக அரிசி மூட்டையைத் திண்ணையிலிருந்து தள்ளினார்கள். மூட்டை கிழியவில்லை.

நான் (இரவு 9:30): சுற்றிவரும் ஷாட் 8 விநாடி, 240 ஃப்ரேம். கம்ப்யூட்டர் படத்தை வரைந்து முடிக்க (ரெண்டர்) ஒரு ஃப்ரேமுக்கு 3 நிமிடம், மொத்தம் 12 மணி நேரம் காட்டுகிறது. விட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன்.

ஆனந்தி அக்கா (9:34): நில். சாம்பிள், அதாவது ஒரு பிக்சலுக்கு எத்தனை முறை வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது, எவ்வளவு?

நான் (9:35): 1024.

ஆனந்தி அக்கா (9:37): 128 ஆக்கி, அதனால் வரும் புள்ளி புள்ளியான இரைச்சலை நீக்க டீநாய்சரைப் போடு. ஃப்ரேம் அரை நிமிடத்துக்கு வந்துவிடும். பழத்தையும் நிழலையும் மட்டும் ரெண்டர் பண்ணு, வாசலைப் பிறகு அடியில் சேர்க்கலாம். வீடியோவாக எழுதாதே, ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனிப் படமாக இருக்கட்டும். போன முறை என்ன ஆயிற்று என்று நினைவிருக்கிறது அல்லவா?

நான் (9:38): இருக்கிறது அக்கா. கரண்ட் போய், பாதியில் நின்ற வீடியோ திறக்கவே இல்லை. மாற்றிவிட்டேன்.

திங்கட்கிழமை

நான் (காலை 6:10): ராத்திரி கரண்ட் போய்விட்டது. 131 படம் பத்திரமாக இருக்கிறது! 132இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் (மாலை 6:45): [காணொளி, 38 விநாடி]

அனு (6:47): பழம் விழுந்ததும் பெரியம்மா சும்மா நிற்கிறார்கள் பாருங்கள், அங்கேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். மூன்றாவது முறை பார்க்கிறேன்.

லாஸ்பேட்டை சித்தப்பா (6:55): இப்போது கனம் தெரிகிறது. சித்தி அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்து, "அக்கா வீட்டில் என்ன சத்தம்" என்றாள்.

பண்ருட்டி மாமா (7:02): நிறம் சரி. நம் ஊர்ப் பழம்தான்.

ஆனந்தி அக்கா (7:20): நிழல் தூணோடு சேர்ந்து போகிறது. தரையில் சின்ன விரிசல் விட்டிருக்கிறாயே, நான் சொல்லாமலே செய்தது, ரொம்பப் பிடித்தது. அம்மா திரும்பிக் கோலத்தைப் பார்க்கும் இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டியும் அப்படித்தான் இடுப்பில் கை வைத்து நிற்பாள். 31ஆவது விநாடியில் பழத்தின் வலது ஓரம் கொஞ்சம் கூர்மையாக இருக்கிறது, ஒரு பிக்சல் மங்க வை. போதும், வெளியே போடு.

பெரியம்மா (7:41): எதிர் வீட்டுப் பையன் போனில் பார்த்துவிட்டு ஓடிவந்தான். வாசலில் குனிந்து விரிசலைத் தேடுகிறான். பழம் எங்கே என்று கேட்டான். உள்ளே அறுத்து வைத்திருக்கிறேன் என்று சொல்லி, மாமா கொண்டுவந்த பழத்தில் பத்துச் சுளை எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவுதானா என்கிறான்.