மறு: 'வரையறுக்கப்பட்ட அரசாங்கம்' சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம். ஆள்பவரின் அதிகாரத்தைச் சட்டம் கட்டுப்படுத்தும் ஆட்சிக்கும் (limited government), அப்படிக் கட்டுப்பாடு இல்லாத ஆட்சிக்கும் (unlimited government) தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சின் மூன்று நாள் மடல்களையும் சேர்த்துப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

> 'வரையறுக்கப்பட்ட', 'வரையறுக்கப்படாத' என்று ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது புதிது எதற்கு?

வரையறை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு சொல்லுக்குத் தரும் இலக்கணம். 'வரையறுக்கப்படாத அரசாங்கம்' என்று படிக்கும் மாணவர், இன்னதென்று இன்னும் யாரும் விளக்காத அரசாங்கம் போலிருக்கிறது என்று நினைத்தால் குற்றம் அவருடையதல்ல. 'எல்லை'யும் உதவாது, அது நாட்டின் எல்லைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். 'சிற்றரசு' என்றவர் விளையாட்டாகச் சொன்னார் என்றே எடுத்துக்கொள்கிறேன். பத்துக் காவலரை வைத்துக்கொண்டு தன் வாக்கே சட்டம் என்பவன் நடத்துவது சிறிய அரசுதான், ஆனால் அவனுக்குக் கடிவாளம் கிடையாது.

> செங்கோலாட்சி, கொடுங்கோலாட்சி நம்மிடமே இருக்கின்றனவே ஐயா?

எனக்கும் முதலில் இந்த ஆசை வந்தது. குறளில் 55, 56ஆம் அதிகாரங்களே இவைதாம். ஆனால் அரசன் கோலை எப்படிப் பிடித்தான் என்பதைத்தான் இச்சொற்கள் சொல்கின்றன. அவன் கோணினால் தடுக்க ஆள் உண்டா என்பது வேறு கேள்வி. 1665இல் டென்மார்க்கில் இயற்றிய அரசச் சட்டம், மன்னரை மனிதர் இயற்றும் எல்லாச் சட்டங்களுக்கும் மேலே வைத்தது. அந்த வரிசையில் நல்ல மன்னர் வந்தால் செங்கோல் என்போம், சரி. ஆட்சி முறை மாறிவிட்டதா என்ன?

என் பரிந்துரை 'வரம்பு'. வயல் வரப்பும் அதுதான்: தண்ணீரைத் தேக்கி வைப்பதும் அது, அடுத்த வயலுக்குள் பாயவிடாமல் நிறுத்துவதும் அது. நீதிமன்றங்களின் 'அதிகார வரம்பு' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. 'வரம்பு மீறிய செயல்' என்றால் விளக்கமே வேண்டாம். ஒரே வேரில் ஒரு குடும்பம் கிடைக்கிறது.

> அப்படியானால் வரம்பாட்சி × வரம்பிலாட்சி?

முதலாவது நன்று. இரண்டாவதைப் பிரித்துப் பாருங்கள்: வரம்பில் + ஆட்சி. இந்த 'இல்' வேற்றுமை உருபா, இன்மையா? வரம்புக்குள் நடக்கும் ஆட்சி என்றும் படிக்கலாம், வரம்பே இல்லாத ஆட்சி என்றும் படிக்கலாம். எதிர்ச்சொற்களாக நிற்க வேண்டியவை ஒன்றையே சொன்னால் கதை கந்தல். 'வரம்பற்ற ஆட்சி' என்றே வைப்போம். இணை அழகு குறையும், குழப்பம் வராது.

> மக்களாட்சியில் மக்கள் ஆள்கிறார்கள். வரம்பாட்சியில் வரம்பா ஆளும்?

ஆளட்டுமே! ஆள்பவரையும் அதுதானே ஆள வேண்டும்.

இதைவிடக் கனமான ஐயம், வரம்பு தாளில் மட்டும் இருந்தால் என்ன பெயர் என்பது. 1215இல் இங்கிலாந்து மன்னர் ஜான் பிரபுக்களுக்கு வழங்கிய மாக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனத்தில், அவர் வாக்குத் தவறினால் அவருடைய கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்ற 25 பிரபுக்களுக்கு உரிமை தரும் பிரிவே இருந்தது. வரப்போடு காவலும் போட்டார்கள். பத்து வாரத்தில் போப்பாண்டவரைக் கொண்டு ஜான் சாசனத்தையே ரத்து செய்ய வைத்தார் என்பது தனிக்கதை. சோவியத் ஒன்றியத்தின் 1936ஆம் ஆண்டு அரசியலமைப்போ, 127ஆம் பிரிவில், நீதிமன்ற முடிவோ அரசு வழக்குரைஞரின் ஒப்புதலோ இல்லாமல் யாரையும் கைது செய்யக் கூடாது என்றது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இரகசியக் காவல் துறையின் மூவர் குழுக்கள் லட்சக்கணக்கானோருக்கு நீதிமன்றம் ஏற்றாமலே தண்டனை விதித்தன. இதற்கு 'ஏட்டு வரம்பு' என்கிறேன். 'ஏட்டுச் சுரைக்காய்' தெரிந்தவருக்கு உரை தேவையில்லை.

ஜெர்மனியில் 1933 மார்ச்சில் நடந்தது இன்னொரு வகை. அரசியலமைப்பிலிருந்து விலகியும் சட்டம் இயற்றலாம் என்று நாடாளுமன்றமே அமைச்சரவைக்கு எழுதிக் கொடுத்தது, அதுவும் நான்கு ஆண்டுக்கு என்று கெடு வைத்து. கெடு மூன்று முறை நீண்டது. 'வரம்பு நீக்கம்' என்று தனிப்பதிவு இதற்கு வேண்டும். 'வரம்பு மீறல்' பொருந்தாது.

முடியாட்சி வகைகளைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். 1849இல் அரசியலமைப்பை ஏற்ற டென்மார்க்கை 'வரம்புடை முடியாட்சி' எனலாமா, 'அரசியலமைப்பு முடியாட்சி'யே போதுமா? இலக்கணம் அறிந்தவர்கள் 'வரம்புடை'யை ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.