பிள்ளை பிறந்த பிறகு வாயில் சொல் வராமல் நின்றவர்கள் இங்கே எழுதுங்கள்

தலவாக்கலை டீச்சர்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நடந்தது. நுவரெலியா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது, மடியில் பிள்ளை, தோளில் பை, வெளியே வழக்கமான தூறல். கண்டக்டர் வந்து "கொஹெத யன்னே?" என்றார். எனக்கு ஊர் பேர் வரவில்லை. பிறந்து வளர்ந்து, படித்து, இப்போது படிப்பிக்கவும் செய்கிற ஊர். கண்ணுக்குள் எல்லாம் தெரிகிறது, ரயில் ஸ்டேஷன், மேல் கொத்மலை அணைக்கட்டு, சந்தைக்கு இறங்குகிற படி. பேர் மட்டும் இல்லை. நான் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு, சிங்களம் விளங்காதவள் போல என்று நினைத்து, அந்த மனிதர் கொஞ்சம் சத்தமாக "எங்க போற, அம்மா?" என்று தமிழில் கேட்டார். நான் பாடசாலையில் இரண்டாம் மொழிச் சிங்களம் படிப்பிக்கிறவள்! கடைசியில் கையை முன்பக்கம் நீட்டினேன். அவர் நுவரெலியா வரைக்கும் டிக்கட் அடித்துத் தந்துவிட்டுப் போனார். கொட்டகலை தாண்டி டெவன் அருவிப் பக்கம் பஸ் திரும்பும்போது "தலவாக்கலை" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், பக்கத்து சீட்டு அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

டிக்கட் காசு போனால் போகட்டும். பிள்ளைக்கு 5 மாதம். 84 நாள் முழுச் சம்பள லீவு முடிந்து இப்போது அரைச் சம்பளத்தில் இருக்கிறேன், அது முடிந்ததும் வகுப்புக்குப் போக வேண்டும். கரும்பலகை முன்னால் இப்படி நின்றால்? வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். உங்களில் யாருக்காவது நடந்ததா?

மஸ்கெலியா மலைக்காரி

ஊர் பேராவது பரவாயில்லை டீச்சர், எனக்குத் தோட்டத்தில் என் வேலை நம்பரே போய்விட்டது. பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத் திரும்ப மலைக்கு ஏறத் தொடங்கிய மாதம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை நம்பர் கேட்கிறார், பின்னால் வரிசை, மழை வேறு, கொழுந்து நனைந்தால் தண்ணிக்கென்று கழிப்பார்கள் என்ற பயம் வேறு. பேர் பதிந்த நாளிலிருந்து தினமும் சொல்கிற நம்பர்தான். என் வாயில் வந்ததோ மாமியாருடைய நம்பர். அவர் வேலையை விட்டு எத்தனையோ வருசம். எழுதப் போனவர் பேனாவை நிறுத்தி, "கிழவி எப்ப திரும்ப மலைக்கு வந்துச்சு?" என்று கேட்டாரே பார்க்கலாம், வரிசையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். பால் கொடுக்க இறங்கிப் போகும்போதுதான் உள்ளுக்குள் பக்கென்றது, இன்னும் என்னென்ன மாற்றிச் சொல்கிறேனோ என்று. அந்த மாதம் சம்பளச் சிட்டையைக் கையில் வாங்கி, அன்றைய கிலோ என் பேரில்தான் ஏறியிருக்கிறது என்று பார்க்கும் வரைக்கும் நிம்மதியே இல்லை.

பதுளை அம்மாயி

எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் பயப்பட நேரம் ஏது? ராத்திரி பகலாகப் போனைப் பார்த்தால் எது ஞாபகத்தில் நிற்கும்? பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதும் ஒரு கையில் போன். அதை முதலில் கீழே வையுங்கள்.

எனக்கும் ஒன்று நடந்ததுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். மூத்தவளின் பிறப்பைப் பதியப் போன இடத்தில், பதிவாளர் பிள்ளையின் தகப்பன் பேரைக் கேட்டார். வரவில்லை. புருசன் பேரைச் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார், அந்தக் காலத்தில் பெண்கள் சொல்ல மாட்டார்கள்தானே. ஒரு துண்டுத் தாளை நீட்டி, "சரி, எழுதிக் குடு புள்ள" என்றார். எழுதவும் வரவில்லை, பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். பிறகு மாமியார் உள்ளே வந்து சொன்னார். அந்த மனிதர் மாமியாரிடம், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு மருமகளா என்று மெச்ச, மாமியார் லயம் முழுக்க அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தார். சாகும் வரைக்கும் சொன்னார். மறந்துபோச்சு என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் எழுதுகிறேன்.

நானுஓயா

அம்மாயி, உங்களுக்கு நடந்தபோது போன் இருந்ததா?

எனக்குப் பெரிய கதை இல்லை. மாமனாரிடம் "அந்த... அந்த... மழைக்குப் பிடிக்கிறது" என்று குடையைக் கேட்டேன், அவ்வளவுதான். ஆனால் பிள்ளை பெற்றால் மூளை சுருங்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கம் போச்சு. உண்மையா?

கம்பளை, முன்பு தோட்ட டிஸ்பென்சரியில்

என் கதை சின்னது. தடுப்பூசிக்குப் போகிற நாள், கிளினிக் அட்டையைக் காணோம், வீட்டையே கவிழ்த்தாயிற்று. பகல் சோற்றுக்கு அரிசி அள்ளப் போன மாமியார்தான் டின்னுக்குள்ளிருந்து எடுத்தார். நான்தான் வைத்திருக்க வேண்டும், வேறு யார் வைப்பார்கள்.

வீடியோ விசயத்துக்கு வருகிறேன். 2016-இல் நேச்சர் நியூரோசயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஆய்வைப் பிடித்துக்கொண்டுதான் எல்லாரும் சுருங்குது சுருங்குது என்கிறார்கள். முதல் பிள்ளைக்கு முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள், சில பகுதிகளில் சாம்பல் நிறப் பகுதி குறைந்திருந்தது, 2 வருசம் கழித்துப் பார்த்தபோதும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. வீடியோக்காரர் இதோடு நிறுத்தியிருப்பார். அதே பெண்களுக்கு ஞாபகசக்திப் பரிசோதனையும் வைத்தார்கள், அதில் குறையவில்லை. குறைந்த இடங்கள் அடுத்தவரின் மனதைப் புரிந்துகொள்ள உதவுகிற இடங்கள். வேண்டாததைக் கழித்து ஒழுங்குபடுத்துவதாக இருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். கவ்வாத்து வெட்டிய மலையை முதன்முதலாகப் பார்க்கிறவன் தோட்டமே செத்துப்போச்சு என்றுதானே நினைப்பான்! 2018-இல் அவுஸ்திரேலியாவில் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், கர்ப்பத்தின் கடைசி 3 மாதத்தில் ஞாபகம் கொஞ்சம் மட்டுப்படுவது உண்மை, ஆனாலும் சாதாரண அளவுக்குள்தான்.

அதற்காகச் சும்மா இருக்கவும் வேண்டாம். துண்டு துண்டாகத் தூங்கினால் யாருக்கும் சொல் தடுக்கும், வீட்டில் ஒருவர் பிள்ளையை வாங்கிக்கொண்டு ஒரேயடியாகச் சில மணித்தியாலம் தூங்க விட வேண்டும். அப்புறம் தைரொயிட். பிள்ளை பெற்ற 20 பேரில் ஒருவருக்கு முதல் வருசத்தில் அது குழம்பும் என்று பொதுவாகச் சொல்வார்கள். மறதி, சோர்வு, மலச்சிக்கல், குளிர் தாங்காமை. நுவரெலியாப் பக்கம் எல்லாருக்கும்தான் குளிர்கிறது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. டி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்துக் குளிசையை நம் ஆட்கள் காலையில் சாயத் தண்ணியோடுதான் விழுங்குவார்கள், நான் கண்ணால் பார்த்தது. தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேர விடாது. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள், கல்சியம் குளிசையையும் சேர்த்துப் போடாமல் வேறு நேரத்தில் போடுங்கள். இன்னொன்று, மறதியோடு அழுகையும் எதிலும் பிடிப்பில்லாமையும் சேர்ந்திருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மிட்வைஃப் மிஸ் கேள்வித்தாளை எடுத்தால் மாமியார் பக்கத்தில் இருக்கிறார் என்று எல்லாவற்றுக்கும் "இல்லை" போடாதீர்கள், தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். மனநல உதவிக்கான 1926-க்கு அடித்தும் பேசலாம்.

பதுளை அம்மாயி

சாயத் தண்ணி குடிக்காமல் மலையில் ஒருத்தி இருக்க முடியுமா? 4 பிள்ளை பெற்றேன்.

கம்பளை, முன்பு தோட்ட டிஸ்பென்சரியில்

குடிக்க வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன் அம்மாயி? குளிசையோடு குடிக்க வேண்டாம் என்கிறேன்.

ஹப்புத்தளை

எல்லாரும் சிரிக்கிறீர்கள், எனக்குச் சிரிக்க வரவில்லை. என் தங்கைக்குப் பிள்ளை பிறந்து இரண்டாவது வாரம். காலையிலிருந்து தலையிடி, கண் கூசுகிறது என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். பின்னேரம் தண்ணிக் குடத்தைக் காட்டி ஏதோ கேட்டாள், நாக்கு குழறுகிறது, ஒரு சொல்கூட விளங்கவில்லை. உதடு ஒரு பக்கம்தான் அசைகிறது. அந்த உதடுதான் இன்றைக்கும் கண்ணை மூடினால் வருகிறது. அம்மா, பச்சை உடம்புக்குக் காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று திருநீறு போடுகிறவரைக் கூட்டி வர ஓடினார். தூக்கம் இல்லாததால்தான் என்று மச்சான் சொன்னார். நல்ல காலம், பக்கத்துக் காம்பராப் பையன் யாரையும் கேட்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டான். பிரஷர் ஏறியிருந்தது. வயிற்றில் பிள்ளை இருந்த காலம் முழுக்கப் பிரஷர் சரியாகத்தான் இருந்தது, பிரசவத்துக்குப் பிறகு 6 வாரம் வரைக்கும்கூடப் புதிதாக வரலாம் என்று டொக்டர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். இப்போது தங்கை நன்றாக இருக்கிறாள். டீச்சருக்கு நடந்தது வேறு, இது வேறு, ஊர் பேர் வராமல் நிற்பதும் நாக்கு குழறுவதும் ஒன்றில்லை. ஆனால் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, எங்களுக்குத் தெரியவில்லை.

தலவாக்கலை டீச்சர்

கம்பளை அக்கா, நான் வைத்தியம் கேட்கவில்லை, கதைதான் கேட்டேன். ஆனால் சாயத் தண்ணி விசயம் தெரியாது, தினமும் அப்படித்தான் போடுகிறேன். அடுத்த கிளினிக்கில் தைரொயிட் பற்றிக் கேட்டுப் பார்க்கிறேன். ஹப்புத்தளை, நீங்கள் எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன், 1990-ஐப் போனில் பதிந்துகொண்டார். மஸ்கெலியா, கிழவி திரும்ப வந்த கதைக்கு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

வெலிமடை

தாமதமாக வருகிறேன். ஏ.டி.எம். மெசினில் கல்யாண நாளைத்தான் இரகசிய எண்ணாகப் போட்டு வைத்திருந்தேன். கல்யாண நாளே வரவில்லை. பிள்ளை பிறந்த திகதியை அடித்துப் பார்த்தேன், அவருடைய பிறந்த நாளை அடித்துப் பார்த்தேன், காட்டை மெசின் விழுங்கிவிட்டது. பின்னால் நின்ற தாத்தா "காசு வரலையா மகள்?" என்று கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். காட் இன்னும் வங்கியில்தான் கிடக்கிறது. எந்த எண்ணை மறந்தாய் என்று இவர் கேட்பார், அதற்கு என்ன சொல்லலாம் என்று யாராவது சொல்லுங்கள், சம்பள நாள் வருகிறது.