‘ஓபேட்ச் சக்சீடட்’ வந்த பிறகும் வருமுன்னும்: பேட்ச் போட்ட அனுபவங்கள்

பதிவு 1

ஆரக்கிள் 19சி டேட்டாபேஸ், ஒரே கன்டெய்னரில் 6 பிடிபி (தனித்தனியாகத் திறந்து மூடக்கூடிய உள் டேட்டாபேஸ்), ஜூலை மாத ஆர்யு (காலாண்டுத் தொகுப்புப் பேட்ச்). பேட்ச் போடும் கருவியான ஓபேட்சின் அப்ளை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்தது. ஏறியிருக்கும் பேட்சுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பேட்சஸ் புது எண்ணைக் காட்டியது. டேட்டாபேஸை எழுப்பி, அதற்குள் செய்ய வேண்டிய மாற்றங்களைச் செய்யும் டேட்டாபேட்ச் -வெர்போஸ் ஓட்டியாச்சு, அதிலும் பிழை இல்லை. வேலை முடிந்தது என்று மெயிலும் போயாச்சு.

அந்த ஆறில் ஒன்று மாதக் கடைசியில் மட்டும் திறக்கிற பிடிபி. திறந்ததும் ‘பிழைகளுடன் மாற்றப்பட்டது’ என்று எச்சரிக்கை. ஷோ பிடிபிஎஸ் போட்டால் ரெஸ்ட்ரிக்டட் என்ற பத்தியில் ‘எஸ்’. அப்ளிகேஷன் லாகின் அத்தனைக்கும் ஓஆர்ஏ-01035, அதாவது தனி அனுமதி உள்ளவர்கள் மட்டுமே நுழையலாம் என்ற பிழை.

டேட்டாபேட்ச் திறந்திருக்கிற பிடிபிகளை மட்டும்தான் தொடும். மற்ற ஐந்துக்கும் சேவ் ஸ்டேட் போட்டிருந்ததால் ஸ்டார்ட்அப்பில் தானாகத் திறந்துகொண்டன. இதற்கு மட்டும் போடவில்லை, அதனால் மவுன்டட் (திறக்காத) நிலையிலேயே கிடந்தது. பிடிபி_பிளக்_இன்_வயலேஷன்ஸ் வியூவில் ‘எஸ்கியூஎல் பேட்ச்’ என்ற காரணத்தோடு ஒரு வரி, நிலை பென்டிங். அதே பிடிபிக்கு டேட்டாபேட்சை மறுபடி ஓட்டி, மூடித் திறந்ததும் சரியாகிவிட்டது. மொத்தமே சில நிமிட வேலை.

உறுத்துவது என்னவென்றால், பழைய லாகை எடுத்துப் பார்த்தால் ஆரம்பத்திலேயே எழுதியிருக்கிறது: இந்தப் பிடிபி மவுன்டட் நிலையில் இருக்கிறது, தவிர்க்கப்படும் என்று. திரையில் அந்த வரி ஓடியபோது எல்லாக் கண்ணும் கடைசி வரிக்காகக் காத்திருந்தது.

பதிவு 2

செக்ஆக்டிவ்ஃபைல்ஸ்அண்ட்எக்ஸிக்யூட்டபிள்ஸ் (பேட்ச் மாற்றப்போகும் கோப்புகளை யாரும் பயன்படுத்துகிறார்களா என்ற சோதனை) தோல்வி, எரர் கோட் 73. எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் இங்கே பிமான் (டேட்டாபேஸ் ஓடினால் கூடவே ஓடும் ப்ராசஸ்) ஒன்றும் ஓடவில்லை, இணைப்புகளை ஏற்கும் லிஸனர் நிறுத்தியாச்சு, பேக்கப் ஏஜென்ட்டும் நிறுத்தியாச்சு. அப்படியும் லிப்கிளின்ட்எஸ்எச் லைப்ரரியை யாரோ பிடித்துக்கொண்டிருப்பதாக ஓபேட்ச் சொல்கிறது.

கோப்பை யார் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் ஃப்யூசர் கட்டளை போட்டால் ஒரு பிஐடி (ப்ராசஸ் எண்) வருகிறது. பிஎஸ் போட்டுப் பார்ப்பதற்குள் அந்த பிஐடி இல்லை. மறுபடி ஃப்யூசர், வேறு பிஐடி. மறுபடி, இன்னொன்று. அரை மணி நேரம் இப்படியே போனது. டேட்டாபேஸ் உயிரோடு இருக்கிறதா என்று நிமிடத்துக்கொரு தடவை எஸ்கியூஎல்பிளஸை (டேட்டாபேஸில் நுழையும் கட்டளைக் கருவி) கூப்பிடுகிற கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஒன்று குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் உட்கார்ந்திருந்தது. டேட்டாபேஸ் கீழே இருப்பதால் தோற்று, திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அதுவும் ஆரக்கிள் யூசரின் கிரான்டாபில் இல்லை, வேறொரு யூசருடையதில்.

அதைக் கண்டுபிடித்தது பிற்பாடுதான். அந்த நேரத்தில் ஃப்யூசர் சோதனையைத் தவிர்க்கச் சொல்லும் ஓபேட்ச்_நோ_ஃப்யூசர் மாறியை ‘ட்ரூ’ என்று எக்ஸ்போர்ட் செய்ததும் பேட்ச் ஏறிவிட்டது. நேரம் இல்லாதவர்களுக்கு அதுவே வழி.

பதிவு 3

2-ஆம் பதிவின் கடைசி இரண்டு வரியைத் தயவுசெய்து யாரும் பின்பற்ற வேண்டாம்.

ஃப்யூசர் என்ற கட்டளையே அந்தச் சர்வரில் இல்லாதபோது, அதாவது பிஎஸ்மிஸ்க் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகாமல் ‘மிஸ்ஸிங் கமாண்ட்’ என்று ஓபேட்ச் நிற்கும்போது, ஹோமில் (ஆரக்கிள் மென்பொருள் இருக்கும் அடைவு) எதுவும் ஓடவில்லை என்பதைக் கையாலேயே சரிபார்த்துவிட்டுப் போடுகிற மாறி அது. ஃப்யூசர் இருந்து, அது ஒரு பிஐடியையும் காட்டுகிறபோது மாறியைப் போடுவது, புகை அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுவது போலத்தான்.

லினக்ஸில் நடப்பதைச் சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கிற எக்ஸிக்யூட்டபிள் மேல் எழுதப் போனால் கெர்னல் ‘டெக்ஸ்ட் ஃபைல் பிஸி’ என்று தடுத்துவிடும். ஷேர்டு லைப்ரரிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஒரு ப்ராசஸ் மெமரியில் மேப் செய்து வைத்திருக்கும் லைப்ரரியின் மேலேயே புதியதை எழுதினால், அந்த ப்ராசஸ் பாதி பழையதும் பாதி புதியதுமாகப் படித்துக் கவிழும். கவிழ்ந்தது எஸ்கியூஎல்பிளஸ் என்றால் பரவாயில்லை. ஆர்மேன் பேக்கப்பாக இருந்தால்?

இன்னொன்று. எக்ஸிக்யூட்டபிளில் தடுக்கப்பட்டால் பேட்ச் நடுவழியில் நிற்கும். ஓபேட்ச் ஹோமைப் பழைய நிலைக்குத் திருப்ப முயலும், பெரும்பாலும் திருப்பியும் விடும். திருப்ப முடியாமல் போனால் .பேட்ச்_ஸ்டோரேஜ் அடைவுக்குள் என்அப்ளை, அதற்குள் தேதி நேரம் போட்ட அடைவு, அதற்குள் ரிஸ்டோர்.எஸ்எச் என்று தேடிப்போக வேண்டிவரும். இரவு 2 மணிக்கு அந்த வேலை யாருக்கும் வேண்டாம்.

சரியான வரிசை இது. முதலில் கிரான் சேவையையே நிறுத்த முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் ரூட்டாக (சர்வரின் நிர்வாகி யூசர்) இருந்து எல்லா யூசர்களின் கிரான்டாபையும் பாருங்கள். பிறகு ஃப்யூசர் -வி போடுங்கள், யூசர் பெயரும் சேர்ந்து வரும். பிஐடி மாறிக்கொண்டே இருந்தால் அதைத் துரத்தாதீர்கள், யூசரைப் பிடியுங்கள். ஸ்கிரீன் அமர்வுக்குள் யாரோ மறந்துவிட்டுப் போன எஸ்கியூஎல்பிளஸ், கண்காணிப்பு ஏஜென்ட், ஆரக்கிளின் பிழைத் தகவல்களைத் திரட்டும் டிஎஃப்ஏ டீமன், இந்த மூன்றும்தான் வழக்கமான ஆசாமிகள். ஏஐஎக்ஸ் என்றால் ஒன்றுமே ஓடாதபோதும் லைப்ரரி மெமரியில் தங்கியிருக்கும், ரூட்டாக எஸ்லிப்கிளீன் ஓட்ட வேண்டும். விண்டோஸில் ஓசிஐ.டிஎல்எல் கோப்பைப் பிடித்து வைத்திருப்பது பல நேரம் டிஸ்ட்ரிபியூட்டட் ட்ரான்ஸாக்‌ஷன் கோஆர்டினேட்டர் என்ற சர்வீஸ். ஆரக்கிள் என்று பெயர் போட்ட சர்வீஸ்களை மட்டும் நிறுத்திவிட்டு மணிக்கணக்காகத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பதிவு 4

ரேக் (பல சர்வர்கள் சேர்ந்து ஒரே டேட்டாபேஸை ஓட்டும் கிளஸ்டர்), 2 நோடு (சர்வர்). ஒரு நோடில் இருக்கும் ஹோம்களுக்குத் தானாகவே பேட்ச் போடும் ஓபேட்ச்ஆட்டோ. முதல் நோடு அழகாக முடிந்தது. இரண்டாவது நோடில் தொடங்கிய வேகத்தில் நின்றுவிட்டது, ஓபேட்ச் அடைவுக்குள் எழுத அனுமதி இல்லையாம்.

காரணம் பேட்ச் அல்ல, அதற்கு முந்தைய நாள் செய்த தயாரிப்பு. எந்த ஆர்யு போடுவதற்கு முன்பும் 6880880 என்ற எண்ணுள்ள பேட்சை இறக்கி ஓபேட்சையே புதுப்பிக்க வேண்டும் என்பது தெரிந்ததே. கிரிட் ஹோமின் (கிளஸ்டர் மென்பொருளின் ஹோம்) மேல்மட்ட அடைவு ரூட்.எஸ்எச் ஓடியதிலிருந்து ரூட்டுக்குச் சொந்தம். அதனால் பழைய ஓபேட்ச் அடைவைப் பெயர் மாற்றுவதும் புதியதை அன்சிப் செய்வதும் ரூட்டாகத்தான் முடியும். முடித்த கையோடு சொந்தக்காரரை மாற்றும் சிஓன் -ஆர் போட்டு கிரிட் யூசருக்கும் ஓஇன்ஸ்டால் குழுவுக்கும் மாற்ற வேண்டும். முதல் நோடில் மாற்றியிருந்தது. இரண்டாவதில் இல்லை. எல்எஸ் -எல்டி போட்டதும் ரூட், ரூட் என்று இரண்டு சொல் வந்து நின்றது.

அதைச் சரிசெய்து ஓபேட்ச்ஆட்டோ ரெஸ்யூம் கொடுத்தால் மீதி ஓடிவிட்டது. ஆனால் இடைப்பட்ட நேரத்தில் சிஆர்எஸ்சிடிஎல் கொயரி சிஆர்எஸ் ஆக்டிவ்வெர்ஷன் -எஃப் போட்டால் கிளஸ்டர் நிலை ‘ரோலிங் பேட்ச்’ என்று இருந்தது. எல்லா நோடும் ஒரே பேட்ச் மட்டத்துக்கு வரும்வரை அது ‘நார்மல்’ ஆகாது. எதையும் ஏற்றாமல் சோதிக்கும் -அனலைஸ் இரண்டு நோடிலும் ஓட்டியிருந்தால் முந்தைய நாளே பிடிபட்டிருக்கும். ஒரு நோடில் ஓட்டிவிட்டு இரண்டும் ஒன்றுதானே என்று விட்டதன் விலை இது.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், ஓபேட்ச்ஆட்டோவை ரூட்டாக ஓட்ட வேண்டும், வெறும் ஓபேட்சை ஹோமின் சொந்தக்கார யூசராக ஓட்ட வேண்டும். ஓபேட்சை ரூட்டாக ஓட்டினால் 255 கொடுத்து வெளியே தள்ளிவிடும். தள்ளுவதே நல்லது.

பதிவு 5

1-ஆம் பதிவுக்காரர் கொடுத்துவைத்தவர். அவருக்குப் பிழை கதவைத் தட்டிக்கொண்டு வந்தது. சத்தமே போடாமல் போவது ஒன்-ஆஃப் பேட்ச், அதாவது ஒரு குறிப்பிட்ட பிழைக்காகத் தனியாகப் போடுவது.

ஒரு குறிப்பிட்ட வினவலில் வரும் ஓஆர்ஏ-00600 என்ற ஆரக்கிள் உள்பிழைக்காக ஏற்கெனவே ஒரு ஒன்-ஆஃப் போட்டிருந்தது. அடுத்த காலாண்டு ஆர்யு ஏற்றும்போது ஓபேட்ச், கீழ்க்காணும் பேட்சுகள் ஹோமிலிருந்து ரோல்பேக் செய்யப்படும் என்று ஒரு பட்டியல் காட்டியது. பட்டியலில் முந்தைய ஆர்யுவின் எண்ணும் இருந்தது, இந்த ஒன்-ஆஃபின் எண்ணும் இருந்தது. முந்தைய ஆர்யு போவது இயல்பு, புதியதில் அது அடங்கிவிடும். ஒன்-ஆஃப் போனால் அந்தத் திருத்தம் புதிய ஆர்யுவில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இரண்டு எண்ணையும் ஒரே மாதிரி நினைத்து ‘ஒய்’ அழுத்தப்பட்டது. மூன்று வாரம் கழித்து அதே 00600.

முன்னும் பின்னும் எல்எஸ்பேட்சஸ் வெளியீட்டைக் கோப்பில் போட்டு டிஃப் பாருங்கள். காணாமல் போன ஒவ்வொரு எண்ணுக்கும் புதிய ஆர்யுவின் திருத்தப் பட்டியலில் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆர்யு மட்டத்துக்கான அதே ஒன்-ஆஃபைத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் சப்போர்ட்டில் எஸ்ஆர் (உதவிக் கோரிக்கை) திறந்து கேட்க வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். டவுன்டைம் அன்றைக்குக் கேட்டால் கிடைக்காது. செக்கான்ஃப்ளிக்ட்அகெய்ன்ஸ்ட்ஓஎச்வித்டீடெய்ல் என்று நீளமாகப் பெயர் வைத்த ப்ரீரெக் சோதனையை ஒரு வாரம் முன்பே, டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டலாம். அது எதையும் மாற்றாது.

பதிவு 6

ஹோம் ஓடுகிற இடத்திலேயே பேட்ச் போடுவதால்தான் இவ்வளவு பாடும். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: புது ஹோம் கட்டுங்கள்.

18சி முதல் இன்ஸ்டாலேஷனே இமேஜ் முறைதான். 19சியின் அடிப்படை சிப்பைப் புது அடைவில் விரியுங்கள், அதற்குள் இருக்கும் ஓபேட்ச் அடைவை மாற்றுங்கள், ரன்இன்ஸ்டாலரை -அப்ளைஆர்யு என்ற விருப்பத்தோடு, ஆர்யு விரித்த பாதையைக் கொடுத்து ஓட்டுங்கள். ஒன்-ஆஃப்களுக்கு -அப்ளைஒன்ஆஃப்ஸ் இருக்கிறது. இது எல்லாமே பழைய ஹோமில் டேட்டாபேஸ் ஓடும்போதே நடக்கும். ஃப்யூசர் பஞ்சாயத்தே இல்லை. டவுன்டைம் என்பது பழைய ஹோமில் நிறுத்தி, எந்த டேட்டாபேஸுக்கு எந்த ஹோம் என்று சொல்லும் ஓராடாப் கோப்பை மாற்றி, புது ஹோமில் எழுப்பி, டேட்டாபேட்ச் ஓட்டுகிற நேரம் மட்டும். டேட்டாபேட்ச் ஓட்டுமுன் எல்லா பிடிபியும் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியது இங்கேயும் உண்டு, 1-ஆம் பதிவுக்காரர் மன்னிக்கவும்.

இதிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. டிபிஎஸ் அடைவில் இருக்கும் எஸ்பிஃபைலும் பாஸ்வேர்டு ஃபைலும், நெட்வொர்க் அட்மின் அடைவில் இருக்கும் லிஸனர்.ஓரா, டிஎன்எஸ்நேம்ஸ்.ஓரா, எஸ்கியூஎல்நெட்.ஓரா மூன்றும் பழைய ஹோமோடு நின்றுவிடும். எஸ்கியூஎல்நெட்.ஓராவுக்குள் வாலட் (என்கிரிப்ஷன் சாவி இருக்கும் இடம்) பாதை எழுதியிருந்தால், அந்தப் பாதையும் பழைய ஹோமுக்குள் இருந்தால், என்கிரிப்ட் செய்த டேபிள்ஸ்பேஸைத் தொட்ட பிறகுதான் தெரியும். ஏஎஸ்எம் (ஆரக்கிளின் டிஸ்க் நிர்வாக முறை) மேல் இருக்கும் டேட்டாபேஸுக்கு இன்னொன்று: ஹோமின் ‘பின்’ என்ற அடைவில் ஆரக்கிள் பைனரியின் குழு ஏஎஸ்எம்அட்மின் ஆக இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிஸ்க்கைத் திறக்க முடியவில்லை என்று ஓஆர்ஏ-15025 வரும். கிரிட் யூசராகச் செட்ஏஎஸ்எம்ஜிட்ராப் ஓட்டினால் சரியாகும்.

ஹோமை டார் (ஒரே கோப்பாகக் கட்டிய நகல்) போட்டு வைத்திருக்கிறேன், எதற்கும் பயமில்லை என்பவர்களுக்கு ஒரு சொல். ‘பின்’ என்ற அடைவில் எக்ஸ்ட்ஜாப், ஓராடிஸம் இரண்டும் ரூட்டுக்குச் சொந்தமான செட்யூஐடி (யார் ஓட்டினாலும் சொந்தக்காரரின் உரிமையோடு ஓடும்) கோப்புகள். டாரை ஆரக்கிள் யூசராக விரித்தால் சொந்தக்காரரும் மாறுவார், செட்யூஐடி பிட்டும் போய்விடும். டேட்டாபேஸ் எழுந்து நிற்கும், நாமும் நிம்மதியாகப் போய்த் தூங்குவோம், அடுத்த நாள் ஷெட்யூலரில் இருக்கும் வெளி ஜாப் ஒன்றும் ஓடாது. ரூட்டாக, அனுமதிகளைக் காக்கும் -பி விருப்பத்தோடு விரிக்க வேண்டும். ஹோம்களின் பதிவேடான சென்ட்ரல் இன்வென்டரியையும் சேர்த்து டார் போடாவிட்டால் ஹோம் ஒன்று சொல்லும், இன்வென்டரி வேறொன்று சொல்லும்.

பதிவு 2-இன் மறுமொழி

3-ஆம் பதிவு சொல்வது சரி, வாபஸ். ஆனால் 6-ஆம் பதிவுக்கு ஒரு கேள்வி: அந்தப் புது ஹோமுக்கு இடம் எங்கே? பலருக்கு ஹோம் இருக்கும் ஃபைல்சிஸ்டமே 95 சதவீதம் நிரம்பித்தான் இருக்கிறது.

பதிவு 7

இடம் என்றதும் ஞாபகம் வருகிறது. இங்கே உறுத்துவதும் அதுதான்.

செக்சிஸ்டம்ஸ்பேஸ் (பேட்சுக்கு இடம் போதுமா என்ற சோதனை) தோல்வி. எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று டியூ போட்டால் ஹோமுக்குள் மிகப் பெரியது .பேட்ச்_ஸ்டோரேஜ். புள்ளியில் தொடங்கும் பெயர், தற்காலிகக் குப்பை போலத் தெரிகிறது. ஆர்எம் -ஆர்எஃப் போட்டு அழித்தாச்சு. இடம் கிடைத்தது, எல்எஸ்பேட்சஸும் வழக்கம்போல எல்லா எண்ணையும் காட்டியது. அடுத்த ஆர்யு ஏற்றும்போது ஓபேட்ச் முந்தையதை ரோல்பேக் செய்யப் போனது. அதற்கு வேண்டிய பழைய கோப்புகள் அத்தனையும் அந்த அடைவில்தான் இருந்தன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை.

தப்பித்தது எப்படி என்றால், அதே ஆர்யுவும் அதே ஒன்-ஆஃப்களும் போட்ட டெஸ்ட் சர்வர் ஒன்று இருந்தது. இரண்டு பக்கமும் எல்எஸ்பேட்சஸை வரிக்கு வரி ஒப்பிட்டு, அங்கிருந்து .பேட்ச்_ஸ்டோரேஜை அனுமதிகள் மாறாமல் நகலெடுத்து வைத்த பிறகே ஆர்யு ஏறியது. அப்படி ஒரு சர்வர் இல்லாதவர்களுக்கு 6-ஆம் பதிவு சொன்ன புது ஹோம் ஒன்றுதான் மிச்சம்.

அழிக்க வேண்டுமென்றால் ஓபேட்சே அழிக்கட்டும். ஓபேட்ச் யூடில் லிஸ்ட்ஆர்டர்ட்இன்ஆக்டிவ்பேட்சஸ் போட்டால் பழைய, இப்போது செயலில் இல்லாத ஆர்யுகளை வரிசையாகக் காட்டும். டெலீட்இன்ஆக்டிவ்பேட்சஸ் அவற்றை நீக்கும், கடைசி ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும். எத்தனை வைக்க வேண்டும் என்பது ஓபேட்ச் அடைவுக்குள் இருக்கும் கான்ஃபிக், ஓபேட்ச்.ப்ராபர்டீஸ் கோப்பில் ரீடெய்ன்_இன்ஆக்டிவ்_பேட்சஸ் என்ற வரியில் இருக்கிறது. 6880880 மாற்றும்போது அந்தக் கோப்பும் புதிதாகிவிடும், கையால் மாற்றியிருந்தால் மறுபடி மாற்ற வேண்டும்.