குட்டி வாயில் பக்கு: மருந்து போடுத கைக்கும் தொத்துமா?

கன்னியாடு (மானூர் பக்கம்):
அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். கன்னி ரக ஆடு 40 உருப்படி. அதுல பால்குடிக் குட்டி பத்துப் பன்னெண்டுக்கு உதட்டோரம் தடிப்பா பக்கு கட்டியிருக்கு. ரெண்டு தாயாட்டுக்குக் காம்புலயும் வந்துட்டு. மருந்து போடுத ஆளுக்கு இப்போ ஆள்காட்டி விரல்ல ஒரு கட்டி. சுத்திச் சிவப்பு, நடுவுல வெள்ளை. சீழ்தான், ஊசியால குத்தி எடுன்னு ஒருத்தர் சொல்லுதாரு. ஆட்டு நோய் மனுசனுக்கு வராதுன்னு இன்னொருத்தர். எது சரி? கோமாரி, மாட்டுப் பெரியம்மை, வெறிநோய் இதுல எது நமக்குத் தொத்தும்? பால் குடிக்கலாமா?

கரிசக்காடு:
ஊசிய எடுக்கவே வேண்டாம். அது பாக்கத்தான் சீழ். குத்தினா கொஞ்சம் நீரும் ரத்தமும்தான் வரும், அந்த ஓட்டை வழியா வேற கிருமி புகுந்து தானா ஆற வேண்டியது இழுத்துக்கிட்டே போகும்.

நீங்க சொல்லுத அடையாளத்துக்கு முதல்ல நினைக்க வேண்டியது ஆர்ஃப், அதாவது ஆளுக்கும் தொத்துற ஆட்டு வாய்ப்புண் நோய். அம்மைக் குடும்பத்து வைரஸ், ஆனா ஆட்டம்மை வேற, இது வேற. முழுசா இருக்குற தோல்ல இது ஏறாது, ஒரு கீறலாவது வேணும். உடை முள்ளும் சீமைக்கருவேலமும் மேயுத ஆட்டுக்கு உதட்டுல கீறலுக்குப் பஞ்சமா? ஆளுக்கும் அதே கதைதான். அருவா வெட்டு, நகக்கண் கிழிசல் போதும். தொட்ட 3 முதல் 7 நாள்ல சிவந்த தடிப்பு, பிறகு வளையம் போட்ட மாதிரி கட்டி, பிறகு கசிவு, கடைசியில பக்கு. பெரும்பாலும் 6 வாரத்துல தழும்பில்லாம ஆறிரும். ஆன்டிபயாடிக் இந்த வைரஸை ஒண்ணும் செய்யாது. சோப்பு போட்டுக் கழுவி, காஞ்ச துணியால கட்டி வச்சா போதும்.

டாக்டர்கிட்ட போகும்போது "ஆட்டு வாய்ப்புண்ணுக்கு மருந்து போட்ட கை"ன்னு முதல் வாக்கியத்துலயே சொல்லணும். சொல்லாட்டி சாதாரணக் கட்டின்னு நினைச்சுக் கீறிவிட வாய்ப்பு இருக்கு. காய்ச்சல் வந்தாலோ, கைமேல செங்கோடு ஓடினாலோ தாமதிக்கக் கூடாது. கேன்சர் மருந்து, மாற்றுச் சிறுநீரக மருந்து சாப்பிடுறவங்களுக்குக் கட்டி பெருசா வளரும். அவங்க இந்தக் குட்டிகளைத் தொடவே கூடாது.

நடுவுல வலியில்லாம கறுத்து, சுத்தி வீங்கினா கதை வேற. மந்தையில திடீர்னு செத்து மூக்குலயும் ஆசனவாயிலயும் ரத்தம் வந்த ஆடு இருந்திருந்தா அடைப்பானை (ஆந்த்ராக்ஸ்) நினைச்சு அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும். அது வைரஸ் இல்ல, பாக்டீரியா. ஆனா ஆளையும் கொல்லும். அப்படிச் செத்ததை அறுக்காதீங்க, தோலை உரிக்காதீங்க.

இனி குட்டிக்கு. கையுறை போட்டு, 1 லிட்டர் தண்ணிக்கு 1 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைச்சுத் துடைங்க. குருணை முழுசாக் கரையணும், இல்லாட்டி புண்ணுல சுட்டுரும். காய்ந்தபிறகு போரோகிளிசரின் தடவுங்க, தினம் ரெண்டு வேளை. பக்கைப் பிய்க்கக் கூடாது. பிய்ச்சா ரத்தம் வரும், ஆறுறது தள்ளிப்போகும், பிய்ச்ச துணுக்கு பூராவும் வைரஸ். இந்த நோய்ல குட்டி சாகுறது பெரும்பாலும் பசியாலதான்: வாய் வலிச்சு ஊட்டாது, காம்புல புண் இருக்குற தாயும் ஊட்ட விடாது. கையுறையோட பீச்சிப் புட்டியில குடுங்க. பீச்சாம விட்டா தாய்க்கு மடிநோய் வந்து ரெண்டும் போகும்.

பொருநைக்கரை:
மேலே சொன்னதோடு வெறிநோயைச் சேர்க்க வேண்டும். நீங்கள் கேட்ட மூன்றில் உயிரை எடுப்பது அதுதான், அதற்குத்தான் யாரும் பயப்படுவதில்லை.

கோமாரி மனிதருக்கு வருவது மிக மிக அபூர்வம், வந்தாலும் லேசானது. ஆனால் நம் செருப்பும் வேட்டியும் அதை அடுத்த தொழுவத்துக்குக் கொண்டுபோகும். 2022-ல் வடமாநிலங்களில் ஏராளமான மாடுகளைக் கொன்ற பெரியம்மை, அதாவது தோல் கழலை நோய், மனிதருக்குத் தொற்றாது. ஆட்டுக்கொல்லியும் தொற்றாது. உடம்பெல்லாம் கொப்புளமாக நிற்கும் மாட்டைப் பார்த்து ஓடுகிறோம். தோலில் ஒரு புள்ளிகூட இல்லாமல் எச்சில் வடிக்கும் மாட்டின் வாய்க்குள் கையை விடுகிறோம்.

தீவனம் எடுக்காமல், எச்சில் ஒழுக, குரல் கம்மிக் கத்திக்கொண்டு, பின்னங்கால் தள்ளாடினால் "தொண்டையில் பனங்கொட்டை சிக்கியிருக்கும்" என்று கையை விடாதீர்கள். நாய் கடித்ததை யாரும் பார்க்காமலே இருந்திருக்கலாம். கால்நடை உதவி எண் 1962-க்கு அழைத்து மருத்துவரை வரவழையுங்கள்.

கை விட்டாயிற்று என்றால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்து 15 நிமிடம். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. கீறலில் எச்சில் பட்டிருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனடி எதிர்ப்பொருள் ஊசி) தேவை. அதை முதல் நாளே காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். தடுப்பூசியைத் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28-ம் நாட்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் தலா 0.1 மில்லி. "10 நாள் பார்த்துவிட்டுப் போடலாம்" என்று தள்ளிப்போடுவது இதில் நடக்கும் பெரிய தப்பு. அந்த 10 நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே, மாட்டுக்கும் ஆட்டுக்கும் செல்லாது.

அந்த மாட்டுப் பாலை இறைத்துவிடுங்கள். முன்பே காய்ச்சிக் குடித்தவர்கள் பதற வேண்டாம், கொதியில் வைரஸ் தாங்காது. பச்சையாகக் குடித்தவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கோமாரி, பெரியம்மை, ஆட்டு வாய்ப்புண் இவற்றுக்குப் பாலைப் பொறுத்தவரை பதில் ஒன்றுதான்: பொங்கக் காய்ச்சு.

வயக்காட்டு வாத்து:
பன்றி, வாத்து வச்சிருக்கவங்களுக்கும் ரெண்டு வரி. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்றி உடம்புல பெருகும், பன்றிக்குப் பெருசா ஒண்ணும் தெரியாது. கொக்கு, நாரையிலயும் இருக்கும். நெல்வயல் தண்ணியில பொரியுற கியூலெக்ஸ் கொசு அதை ஆளுக்குக் கொண்டுவரும். தமிழ்நாட்டுல 1955-லயே வேலூர்ப் பக்கம் கண்டுபிடிச்ச நோய். மாட்டையும் இந்தக் கொசு கடிக்கும், ஆனா மாட்டு ரத்தத்துல வைரஸ் பெருகாது. அதனால ஆத்துப் பாசனத்துல பன்றிப்பட்டியை வீட்டுல இருந்து எட்ட வைக்கணும், அந்தி மயங்குனா பிள்ளைங்க வலைக்குள்ள.

அறுப்பு முடிஞ்சு வயல்ல இறங்குத வாத்து பறவைக் காய்ச்சலை நோயில்லாமலே சுமக்கும். கூட்டமா கோழி செத்தா வெறுங்கையால தூக்கவோ, இறகு பறிக்கவோ கூடாது. கேரள எல்லையில இருக்குற புளியரை வழியா லோடு வருத காலத்துல, அங்க பறவைக் காய்ச்சல்னு சேதி வருதான்னும் கவனிங்க. 2024 மார்ச்சுல அமெரிக்காவுல எச்5என்1ங்குற பறவைக் காய்ச்சல் வைரஸ் கறவை மாட்டு மடியிலயே கண்டுபிடிக்கப்பட்டுச்சு. பண்ணையாட்களுக்கு வந்த அறிகுறி பெரும்பாலும் கண் சிவப்பு. பச்சைப்பால் குடிச்ச பூனைங்க செத்துச்சு.

கன்னியாடு:
ரொம்ப உபகாரம். இன்னும் ஒண்ணு. அடுத்த வாரம் மேலப்பாளையம் சந்தைக்கு ரெண்டு கிடா கொண்டுபோலாம்னு இருக்கு. கிடாய்க்குப் புண் இல்ல. கொட்டடிய எப்படிச் சுத்தம் பண்ண?

கரிசக்காடு:
கிடா இப்போ போக வேண்டாம். புண் தெரியாட்டியும் அதே கொட்டடியில நின்ன உருப்படிதான. கடைசிக் குட்டிக்குப் பக்கு உதிர்ந்து 3 வாரம் கழியட்டும். சந்தையில வாங்கி வருததையும் அதே 3 வாரம் தனியாக் கட்டுங்க.

காய்ந்த பக்குல இந்த வைரஸ் மாசக்கணக்குல, சில நேரம் வருசக்கணக்குல கிடக்கும். முதல்ல புழுக்கையையும் மேல்மண்ணையும் லேசா நனைச்சுச் சுரண்டி எடுத்து எரிங்க. நனைக்காம காஞ்சபடியே பெருக்கினா தூசி முகத்துல அடிக்கும். அதுக்கப்புறம்தான் பிளீச்சிங் பவுடர், லிட்டருக்கு 30 கிராம். புழுக்கை மேலயே ஊத்தினா குளோரின் அதுலயே தீர்ந்துபோகும். பவுடர் பிரிக்காத புதுப் பாக்கெட்டா இருக்கணும், மூக்கைத் துளைக்கணும். வாசமே வராத பழைய பவுடர் கோலப்பொடிக்குத்தான் ஆகும். தண்ணித் தொட்டி விளிம்பையும் கயித்தையும் மறந்துராதீங்க, குட்டி வாயை உரசுறது அங்கதான்.