கோத்தகிரி பக்கம் பூட்டிய வீட்டின் பின்கதவைப் பெயர்த்துவிட்டார்கள். அம்மா தனியாக இருக்கும் வீட்டை எப்படிப் பலப்படுத்துவது?

தேயிலைச்சரிவு:
வணக்கம். எங்கள் வீடு கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி, தேயிலைச் சரிவில் இருக்கிறது. அப்பா இறந்தபின் அம்மா தனியாகத்தான் அங்கே இருக்கிறார், 67 வயது. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் மூட்டுவலி தாங்க முடியாது என்பதால் அக்டோபர் கடைசியில் கோவைக்கு, என் வீட்டுக்கு, அழைத்து வந்துவிடுவேன். இந்த முறை பன்னிரண்டு நாள் வீடு பூட்டிக் கிடந்தது. திரும்பிப் போனால் பின்கதவு திறந்து கிடக்கிறது. இரண்டு கேஸ் சிலிண்டர், தண்ணீர் மோட்டார், பாட்டி காலத்துப் பித்தளை அண்டா, செம்புத் தவலை எல்லாம் போய்விட்டன. நகை, பணம் எதுவும் அங்கே வைப்பதில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். போன வருடம்தான் நல்ல 8 லீவர் பூட்டு வாங்கிப் போட்டேன். அந்தப் பூட்டு உடையவே இல்லை. பூட்டியபடியே, கொண்டியோடு தரையில் கிடந்தது. கூரை ஓரத்தில் ஒரு கேமராவும் இருக்கிறது. அதில் மூன்று இரவுகளின் பதிவைப் பார்த்தேன், வெறும் வெள்ளையாக இருக்கிறது. அப்படியானால் இவ்வளவு செலவழித்தும் என்ன பயன்? அம்மா அடுத்த வாரமே ஊருக்குப் போகிறேன் என்கிறார். பொருள் போனது போகட்டும், அவர் உள்ளே தூங்கும்போது யாராவது வந்துவிட்டால் என்ற நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கட்டபெட்டு அக்கா:
முதலில் ஒன்று கேட்கிறேன் தம்பி. வந்தது மனிதன்தானா, கரடியா? எங்கள் பக்கம் கரடி கதவை உடைத்து உள்ளே போவது உண்டு. கோயிலில் விளக்கெண்ணெய்க்காக வரும், வீட்டில் எண்ணெய், அரிசி, வெல்லம் வைத்திருந்தால் வரும். கதவில் நகக்கீறல் இருக்கிறதா? எண்ணெய் டப்பா எப்படி இருக்கிறது?

தேயிலைச்சரிவு:
கீறல் எதுவும் இல்லை அக்கா. தேங்காய் எண்ணெய், நெய் எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. கொண்டியில் இருந்த நான்கு ஸ்க்ரூவும் அப்படியே பிடுங்கி வந்திருக்கின்றன. கதவு நிலையில் கடப்பாரை வைத்து நெம்பிய தடம் நன்றாகத் தெரிகிறது.

குன்னூர் மரவேலை:
பூட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஸ்க்ரூவின் நீளத்தை அளந்து சொல்லுங்கள். கதவு என்ன மரம்? உள்ளே தாழ்ப்பாள் இருக்கும்போது பின்கதவை ஏன் வெளியில் பூட்டினீர்கள்?

தேயிலைச்சரிவு:
ஸ்க்ரூ முக்கால் அங்குலம். கதவு சில்வர் ஓக் பலகை, நிலை பழைய மரம். உள்தாழ்ப்பாள் மழைக்காலத்தில் விழாது அண்ணா. கதவு ஊதிக்கொள்ளும், கம்பி ஓட்டைக்கு நேராக வராது. அதனால்தான் வெளியே கொண்டி அடித்துப் பூட்டினோம்.

குன்னூர் மரவேலை:
அப்படியானால் சேதி தெளிவாகிவிட்டது. முப்பது வருடமாக இந்த மலையில் கதவு மாட்டுகிறேன், உடைந்த வீடுகளில் நான் பார்த்ததில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

மலை மரத்துக்கு இரண்டு முகம் உண்டு. மழையில் ஊதும், பிப்ரவரி மார்ச்சில் வற்றும். ஊதும்போது தாழ்ப்பாள் விழவில்லை என்று இழைப்புளி வைத்துச் சீவிவிடுவோம், அல்லது ஓட்டையைப் பெரிதாக்குவோம். வெயில் வந்ததும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும். கடப்பாரைக்கு வேண்டியது அந்த இடைவெளிதான். அத்துடன் சில்வர் ஓக் லேசான மரம். வருடக்கணக்கில் ஈரம் ஏறிய இடத்தில் முக்கால் அங்குல ஸ்க்ரூ வெண்ணெயில் குத்திய ஈர்க்குச்சி மாதிரி. 8 லீவர் என்ன, 12 லீவர் பூட்டு தொங்கினாலும் மரம் விட்டால் பூட்டும் கூடவே வந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது. வெளிக்கொண்டியைப் பின்கதவிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள். பின்கதவை உள்ளிருந்துதான் அடைக்க வேண்டும். அதற்குப் பழைய காலத்துக் குறுக்குக் கட்டையை விடச் சிறந்தது நான் பார்த்ததில்லை. நிலையின் இரண்டு பக்கமும் கால் அங்குல இரும்பில் 'ட' வடிவத் தாங்கி அடித்து, அதில் கட்டையைப் படுக்கப் போட்டுவிட வேண்டும். கதவு ஊதினாலும் வற்றினாலும் கட்டை தன் இடத்தில் விழும், ஓட்டைக்கு நேராக வர வேண்டிய வேலையே இல்லை. ஒரே நிபந்தனை, கதவு உள்பக்கம் திறப்பதாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் திறக்கும் கதவு என்றால் சொல்லுங்கள், அதற்குக் கீல் வெளியே இருக்கும், அது வேறு கதை.

தாங்கியை ஸ்க்ரூவில் மாட்டாதீர்கள். நிலையை முழுக்கத் துளைத்து போல்ட் போட வேண்டும். வெளியே உருண்டைத் தலை, அதாவது ஸ்பேனர் பிடிக்க இடமில்லாதது. நட்டும் வாஷரும் உள்ளே.

அதற்கு முன் நிலையைத் தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். ஆடுகிறதா? உங்களுடையது கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய பழைய சுவர் என்றால், நிலையைச் சுவரோடு பிடித்திருக்கும் ஹோல்டுபாஸ்ட் தளர்ந்திருக்கும். அதைக் கொத்திச் சிமென்ட் கலவையில் மறுபடி பதிக்காமல் மற்ற எதைச் செய்தாலும் நிலையோடு சேர்ந்து வரும்.

ஊட்டி வயர்மேன்:
கேமராவுக்கு நான் சொல்கிறேன். அது கெட்டுப்போகவில்லை. இரவில் லென்ஸைச் சுற்றியிருக்கும் அகச்சிவப்பு விளக்குகள் எரியும். பனிமூட்டம் இறங்கினால் அந்த ஒளி முன்னால் மிதக்கும் நீர்த்துளிகளில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்பி வந்துவிடும். மலைப்பாதையில் மூட்டத்தில் ஹைபீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் எழும்புமே, அதேதான்.

கேமரா அமைப்பில் போய் அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிடுங்கள். பதிலாக இருட்டினால் தானே எரியும் சாதாரண எல்.இ.டி. விளக்கு ஒன்றைக் கேமராவிலிருந்து பத்தடி தள்ளி, பக்கவாட்டில் மாட்டுங்கள். கேமராவும் முற்றம் முழுவதையும் பார்க்க வேண்டாம். கதவுக்கு எட்டடி தூரத்தில் வைத்து வருகிறவன் முகத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள், அவ்வளவு கிட்டத்தில் மூட்டம் பெரிதாக மறைக்காது. சோலார் விளக்கு வாங்கிவிடாதீர்கள். நீங்கள் ஊரில் இல்லாத அதே மழை நாட்களில்தான் அதற்கு வெயில் கிடைக்காது.

மழையில் மின்சாரம் போனால் இணையப் பெட்டியும் சேர்ந்து அணைந்துவிடும். அதற்கென்றே 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது, கேமராவையும் அதிலேயே கொடுக்கலாம். நடமாட்டம் தெரிந்தால் போனுக்குச் செய்தி வரும் வசதியை முற்றத்துக்கு வைக்காதீர்கள். காட்டெருமை, முள்ளம்பன்றி என்று இரவெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும், மூன்றாம் நாள் நீங்களே அதை அணைத்துவிடுவீர்கள். கதவை மட்டும் கட்டம் போட்டுக் கொடுங்கள்.

ஓய்வு ஏட்டு:
புகார் எழுத்தில் கொடுத்தீர்களா தம்பி?

தேயிலைச்சரிவு:
இல்லை ஐயா. சிலிண்டரும் பாத்திரமும்தானே என்று அம்மா வேண்டாம் என்றார். வீட்டையும் கூட்டிப் பெருக்கிவிட்டார்.

ஓய்வு ஏட்டு:
பெருக்கியது போகட்டும். அடுத்த முறை இப்படி என்றால் எதையும் தொடாமல் வெளியே நின்று 112-க்குக் கூப்பிட வேண்டும். கைரேகை எடுப்பவர் வரும்வரை அடுப்படிப் பக்கம் போகக் கூடாது.

புகாரைக் கட்டாயம் கொடுங்கள். ஒரு வீட்டில் சொல்லாமல் விட்டால் அதே ஆள் அடுத்த வீட்டுக்குப் போகிறான், நிலையத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் ரோந்து போக வேண்டும் என்பதே தெரியாது. வீட்டை உடைத்து நுழைவதும் குடியிருக்கும் வீட்டில் திருடுவதும் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 331, 305 ஆகிய பிரிவுகளில் வருகின்றன. சிறிய விஷயம் இல்லை. மனு கொடுத்ததும் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். கேஸ் ஏஜென்சியில் சிலிண்டர் தொலைந்தது என்று சொல்லவும் அந்த நகல் வேண்டியிருக்கும்.

அண்டாவிலும் தவலையிலும் பெயர் வெட்டியிருக்கிறதா? பழைய வீட்டுப் பாத்திரங்களில் பெரும்பாலும் இருக்கும். அந்தப் பெயரை எழுத்து மாறாமல் மனுவில் எழுதுங்கள். பித்தளையும் செம்பும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும், அங்கே அடையாளம் காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இனி கோவைக்குக் கிளம்பும் முன் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வீடு பூட்டியிருக்கும் என்று நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். முன்கதவில் தொங்கு பூட்டு போடாதீர்கள். வெளியே பூட்டு தொங்கினால் ஆள் இல்லை என்று நூறடி தூரத்திலிருந்தே தெரியும். கதவுக்குள் பதிக்கும் பூட்டு வையுங்கள்.

கட்டபெட்டு அக்கா:
இவர்கள் சொன்னதோடு இதையும் பாருங்கள் தம்பி. மலையைச் சீவிக் கட்டிய வீட்டில் முன்பக்கம் எட்டடி உயரம் இருக்கும், பின்பக்கம் மண்திட்டு ஜன்னலுக்கு நேராக இருக்கும். அங்கிருந்து ஒரு எட்டு வைத்தால் கூரை. எங்கள் பக்கத்து வீட்டில் அப்படித்தான் தகர ஷீட்டின் நட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். மேல் பாத்தியிலிருந்து உங்கள் வீட்டை ஒருமுறை பாருங்கள்.

வீட்டில் நாய் இருந்தால் இரவில் வெளியே கட்டாதீர்கள். சிறுத்தை தூக்கிக்கொண்டு போய்விடும். உள் திண்ணையில் படுத்தாலே போதும், குலைக்கிற குலைப்பு கேட்கும்.

அப்புறம் முக்கியமானது. பயத்தில் ஜன்னலை எல்லாம் ஆணி அடித்து அடைத்துவிட்டு, குளிருக்குக் கரிக் கணப்பை உள்ளே வைத்துக்கொண்டு அம்மா தூங்கிவிடக் கூடாது. அதிலிருந்து வரும் நச்சு வாயுவுக்கு (கார்பன் மோனாக்சைடு) வாசனை இருக்காது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கம்பி போட்ட ஜன்னலில் ஒரு கீற்றாவது திறந்திருக்கட்டும். கிரில் பூட்டினால் சாவி, கையெட்டும் தூரத்தில், இருட்டிலும் தடவி எடுக்கும்படி ஒரே ஆணியில் தொங்கட்டும். தீப்பிடித்தால் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தேயிலைச்சரிவு:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். மேல் பாத்தியில் ஏறிப் பார்த்தேன் அக்கா, நீங்கள் சொன்னது சரி. பின்ஜன்னலின் கீழ்க்கம்பி இரண்டு வெறும் கையால் ஆடின. அவற்றை மாற்றியாகிவிட்டது. தகரக் கூரையின் நட்டுகளில் வெல்டிங் பொட்டு வைத்தோம். நிலை ஆடத்தான் செய்தது, கொத்தனார் புதிதாக நான்கு ஹோல்டுபாஸ்ட் பதித்துக் கொடுத்தார். பின்கதவு உள்பக்கம்தான் திறக்கிறது, குறுக்குக் கட்டை போட்டாயிற்று. நேற்று இரவு நல்ல மூட்டம், கேமராவில் கதவும் படியும் தெளிவாகத் தெரிந்தன. புகார் கொடுத்து ரசீதும் வாங்கினேன் ஐயா. அண்டாவில் பாட்டியின் பெயர் இருந்தது.

அம்மாவின் கட்டிலருகே ஒரு அழைப்பு மணி பொத்தான் வைத்து, மணியைக் கீழ்வீட்டுச் சித்தி வீட்டில் மாட்டியிருக்கிறோம். சித்தியே கேட்டு வாங்கிக்கொண்டார். போனில் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியையும் ஏற்றிக் கொடுத்து, சிவப்புப் பொத்தானைக் காட்டியிருக்கிறேன்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. அந்தக் கட்டை கனமாக இருக்கிறது அண்ணா. அம்மாவால் தினமும் தூக்கிப் போட முடியவில்லை. மூட்டுவலி வேறு. நான் இல்லாத அன்று கட்டையைப் போடாமலே தூங்கியிருக்கிறார்.

குன்னூர் மரவேலை:
கட்டை வேண்டாம். ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய், வெட்டிப் போடுங்கள். ஒரு முனையைத் தாங்கியில் போல்ட் வைத்து நிரந்தரமாகக் கோத்துவிட்டால் முழுதும் தூக்க வேண்டியதில்லை, ரயில்வே கேட் மாதிரி மறுமுனையை மட்டும் இறக்கிவிடலாம். ஒரு கையால் முடியும். குளிரில் இரும்பு கையைக் கடிக்கும், அம்மா பிடிக்கும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுங்கள். தாங்கிக்கு மேலே சுவரில் ஒரு கொக்கி அடித்தால் பகலில் குழாய் நிமிர்ந்து நிற்கும், அவர் தலையில் இடிக்காது.

தேயிலைச்சரிவு:
ஞாயிற்றுக்கிழமை போகிறேன் அண்ணா. குழாயை இங்கே கோவையிலேயே அளவுக்கு வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்.