பொலொக்சமரைப் பழுதென்று ஒதுக்கிய அனுபவம்: உங்களுக்கும் நேர்ந்ததா?

குளக்கட்டான், வவுனியா:

தோலில் பூசும் களிம்பு ஒன்றை இறுதியாண்டு ஆய்வுக்காகத் தயாரிக்க முயன்ற மாரிகாலத்தில், பொலொக்சமர் 407 என்ற மெழுகுபோன்ற பொலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளாலான பொருள்) இருந்த போத்தலின் மீது ‘பழுது’ என்று என் கையாலேயே எழுதி ஒட்டினேன். ஒரே போத்தலில் எடுத்த மணிகளை உருக்கி இரண்டு கண்ணாடித் தகடுகளில் பரப்பியிருந்தேன். ஒன்றை உடனே பனிக்கட்டியின் மேல் வைத்தேன். மற்றது அடுப்புக்குள் இருந்தபோது மின்சாரம் நின்றுபோனதால், மூடிய அடுப்பிலேயே இரவு முழுவதும் மெல்ல மெல்ல ஆறியது. மறுநாள் இரண்டையும் சேர்த்துச் சூடாக்கியபோது, பனிக்கட்டியில் ஆறிய தகட்டின் வெண்மை சில பாகைகள் முந்தியே ஓரங்களில் தெளியத் தொடங்கியது. அடுப்பில் ஆறியதோ 56 பாகை செல்சியஸை அண்டும்வரை பால்போலவே இருந்தது.

ஈரம் ஏறிவிட்டது என்று நினைத்தேன். மாரியில் அது நியாயமான ஐயந்தான். உலர்த்திப் பார்த்தும் வேறுபாடு போகவில்லை. சூடேற்றும்போது மாதிரி உறிஞ்சும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி. கருவியின் வரைபிலோ விரைவாக ஆறியதற்கு இரண்டு உருகல் முகடுகள், மெதுவாக ஆறியதற்கு ஒன்று. கலப்படம் என்று முடிவுகட்டிய என்னிடம் மேற்பார்வையாளர், “தம்பி, சாமானைக் குறை சொல்லாதையும், நீர் அதை எப்படி ஆறவிட்டனீர் எண்டதை முதலில் சொல்லும்” என்றார்.

பொலொக்சமர் 407 ஒரு புளொக் கோபொலிமர், அதாவது வெவ்வேறு பொலிமர்த் துண்டுகளைத் தொடுத்த சங்கிலி. அந்தச் சங்கிலியில் நடுவே ஏறத்தாழ 56 அலகுகள் கொண்ட பொலிபுரோப்பிலீன் ஒட்சைட்டும், இரு முனைகளிலும் ஏறத்தாழ 100 அலகுகள் வீதம் பொலிஎதிலீன் ஒட்சைட்டும் உள்ளன. முனைகள் மட்டுமே பளிங்காகும். நடுத்துண்டு பளிங்காகாமல் குழைவாகவே கிடக்கும். விரைவாக ஆறினால் முனைகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரமின்றி மெல்லிய பளிங்குத் தகடுகளாகின்றன. மெல்லிய தகடு குறைந்த வெப்பநிலையிலேயே உருகும். சூடேற்றும் வழியில் அப்படி உருகிய சங்கிலிகளுள் ஒரு பகுதி மீண்டும் தடித்த தகடுகளாக அடுக்கி, பிறகு இரண்டாந் தடவை உருகுகிறது. இரண்டாவது முகட்டின் காரணம் இதுவே.

ஏ9 வழிப்போக்கன், கிளிநொச்சி:

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. பொலிஸ்டைரீனுக்குள் பொலிஎதிலீன் ஒட்சைட்டு நுண்ணுருண்டைகளாகச் சிதறியிருந்த ஒரு மாதிரியைப் பூச்சியம் பாகைவரை குளிர்வித்துவிட்டு, அது பளிங்காகவே இல்லை என்று அறிக்கை எழுதிவிட்டேன். தனிப் பொலிஎதிலீன் ஒட்சைட்டில் எங்கோ ஒரு தூசு தொடக்கிவைக்கும் பளிங்கு முழுவதும் பரவுவதால் அது 40 பாகையளவிலேயே உறைந்துவிடும். உருண்டைகளிலோ, வரம்பு கட்டிய பாத்திகளைப்போல, ஒன்றில் தொடங்கியது அடுத்ததற்குப் போகாது. தூசு அகப்படாத ஒவ்வோர் உருண்டையும் தானாகவே தொடங்கவேண்டும். அதற்குப் பூச்சியத்துக்குக் கீழே 20, 30 பாகை, சில வேளைகளில் அதற்கும் கீழே போகவேண்டும். திரும்பிச் சூடாக்கும்போது உருகும் இடம் அவ்வளவு தூரம் விலகுவதில்லை என்பதுதான் என்னை இன்னும் வியக்கவைக்கிறது.

குளக்கட்டான், வவுனியா:

நல்லவேளை, அடுப்பில் மின்சாரம் நின்றது. இல்லாவிட்டால் இரண்டையும் பனிக்கட்டியிலேயே ஆறவிட்டிருப்பேன். இப்போது முதற்சூடேற்றத்தை அந்த மாதிரி பட்ட பாட்டின் பதிவாகவும், முழுதாய் உருக்கி அளந்த வேகத்தில் ஆறவிட்ட பின் வரும் இரண்டாஞ்சூடேற்றத்தை ஒப்பீட்டுக்காகவும் வைத்துக்கொள்கிறேன். களிம்பையும் அந்தப் ‘பழுது’ போத்தலில் மிஞ்சிய மணிகளிலேயே செய்து முடித்தேன்.