சுவரை இடிக்க வாங்கிய அனுமதிக் கடிதத்தைக் காணோம், வீட்டை விற்கலாமா?

ஈசூன்வாசி: சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய நாலறை வீடு. 2009ல் சமையலறைச் சுவரை எடுத்தோம். தாள் எல்லாம் மறைந்த அப்பாவின் மைலோ டின்னில்தான் இருக்கும். திறந்தால் பழைய தண்ணீர் பில்லும் உடைந்த டைல்ஸ் துண்டும்! கான்ட்ராக்டரும் கடையை மூடிவிட்டார். என்ன செய்ய?

பாசிர்ரிஸ் அக்கா: தம்பி, பதறாதீங்க. அனுமதி கொடுத்தது வீவக, கான்ட்ராக்டர் இல்லை. முகவரியைச் சொல்லி வீவக கிளையில் கேளுங்க. மறுவிற்பனை விண்ணப்பத்துக்குப் பிறகு வீவக ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார். அனுமதியில்லாத வேலை இருந்தால் விற்கிறவர்தான் சரிசெய்யணும். அதனால வாங்குபவருக்கு ஆப்ஷன் (வீட்டை வாங்கும் உரிமைத் தாள்) கொடுக்கும் முன்னாடியே வீவகவிடம் கேட்டுடுங்க. கொடுத்துட்டா, வாங்குறதா இல்லையான்னு முடிவுசெய்ய 21 நாள் பந்து அவர் பக்கம்.

உட்லண்ட்ஸ்காரன்: நானும் சுவர்த் தாளுக்கே ஒரு வாரம் அலைந்தேன். மாட்டியது வேறு: வீட்டுக் காப்பறை (குண்டுவீச்சு நேரத்தில் ஒதுங்கும் அறை) உள்சுவரில் எங்க ஆள் ஒட்டிய டைல்ஸ். அங்கே ஒட்டவே கூடாதாம். அரிசி மூட்டையை நகர்த்தி, தூசியில் இருமிக்கொண்டே பெயர்த்தோம். உங்க காப்பறையையும் ஒரு தடவை எட்டிப் பாருங்க.

ஈசூன்வாசி: அக்கா, நாளைக்கே கிளைக்குப் போறேன். அண்ணே, எங்க பிளாக் பழசு, காப்பறையே கிடையாது. தப்பிச்சேன்!